கிரேடு 8-க்கு எங்கே சேர்ப்பது? அரசு உறைவிட அகாடமியா, பழைய ஹாஸ்டல் பள்ளியா, பக்கத்துப் பள்ளியா

பிள்ளை டிசம்பரில் கிரேடு 6 ரிப்போர்ட்டை வாங்கி வரும்போதே கிரேடு 8 பற்றிய பேச்சை வீட்டில் தொடங்கிவிட வேண்டும். உயர்நிலைப் பள்ளி விண்ணப்பங்கள் கிரேடு 7 ஆண்டின் நடுவிலேயே போய்விடுகின்றன. அவற்றோடு இணைப்பது கிரேடு 6 இறுதி ரிப்போர்ட்டும் கிரேடு 7-இன் முதல் டெர்ம் ரிப்போர்ட்டும்தான். கிரேடு 7 டிசம்பர் மார்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குள் நல்ல பள்ளிகளில் இடம் நிரம்பியிருக்கும். கடைசி நேரத்தில் அலைகிற குடும்பத்துக்குக் காலியிடம் உள்ள பள்ளிதான் கிடைக்கும்.

கணக்கும் அறிவியலும் நன்றாக வருகிற பிள்ளைக்கு, தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பொதுப் பள்ளிகளுக்குள்ளேயே மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, டர்பனுக்கு வடக்கே லா மெர்சியில் அன்டன் லெம்பேடே பெயரில் இயங்கும் அகாடமி போன்ற, கணிதம், அறிவியல், தொழில்நுட்பத்துக்கென்றே மாகாண அரசு நடத்தும் உறைவிடப் பள்ளி. இரண்டு, விடுதியுள்ள பழைய பொதுப் பள்ளி. மூன்று, டர்பனைச் சுற்றியுள்ள வெருலமோ ஃபீனிக்ஸோ சாட்ஸ்வர்த்தோ, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பள்ளியில் சேர்த்து, அங்கே கிடைக்காததை வெளியில் தேடிக் கொடுப்பது. தனியார் ஸ்காலர்ஷிப் நான்காவது வழி. அது சிலருக்கே பொருந்தும் என்பதால் கடைசியில் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் எதைக் கேட்பது

பள்ளி வாசலில் தொங்கும் "100% மெட்ரிக் பாஸ்" பேனரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிரேடு 12 இறுதித் தேர்வான மெட்ரிக்கில் மேத்ஸ் பாஸ் ஆக 30 மார்க் போதும். 30 வாங்கியவரும் 95 வாங்கியவரும் அந்தப் பேனரில் ஒன்றுதான். பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போக நினைக்கும் பிள்ளைக்கு 60-க்குக் கீழே உள்ள மேத்ஸ் மார்க் அநேகமாக எந்தக் கதவையும் திறக்காது.

ஆகவே பிரின்சிபலிடம் மூன்று எண்களைக் கேளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் கிரேடு 10-இல் மேத்ஸ் எடுத்தவர்கள் எத்தனை பேர்? அந்த வகுப்பில் கிரேடு 12 வரை வந்து மேத்ஸ் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் 60-க்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை பேர்? முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால், தடுமாறிய பிள்ளைகளை மேத்ஸுக்குப் பதிலான எளிய பாடமான மேத்ஸ் லிட்டுக்கு (Mathematical Literacy) தள்ளிவிட்டுப் பாஸ் சதவீதத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தள்ளல் பெரும்பாலும் கிரேடு 10-இல் நடக்கும். பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அதன் விலை பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும்போதுதான் தெரியவரும். மூன்று எண்களையும் தயங்காமல் சொல்கிற பள்ளியை, அது எளிய பள்ளியாகவே இருந்தாலும், நம்பலாம்.

அடுத்து ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கிரேடு 12 ஃபிசிக்கல் சயின்சஸில் ஆக்சாலிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேஷன் செய்வது பாடத்திட்டம் விதித்த சோதனை. ப்யூரெட் (டைட்ரேஷனில் திரவத்தைத் துளித்துளியாக விடும் அளவுக் குழாய்) இல்லாத பள்ளிகளில் எண்களை அச்சடித்த தாளைக் கொடுத்து, "இதை வைத்துக் கணக்குப் போடு" என்று முடித்துவிடுவார்கள். ப்யூரெட் இருந்தால் அதன் அடியிலுள்ள திருகைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் ஹைட்ராக்சைடைக் கழுவாமல் விட்டால் கண்ணாடித் திருகு இறுகிப்போய் அசையாது. திருகு வழுக்கிக்கொண்டு சுழன்றால் அங்கே யாரோ ஒவ்வொரு முறையும் கழுவி வைக்கிறார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டிகள் அலமாரி நிறைய இருந்தால், பணம் வந்திருக்கிறது, ஆசிரியர் வரவில்லை.

அரசு உறைவிட அகாடமி

அரசே நடத்தி, திறமையுள்ள பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் தங்கவைத்துப் படிக்கவைக்கும் இந்த முறைக்கு உலகில் பழைய முன்மாதிரிகள் உண்டு. மாஸ்கோவில் கணித மேதை கொல்மோகரோவ் முன்னின்று தொடங்கிய உறைவிடப் பள்ளி 1963-ஐச் சேர்ந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹம் நகரில் 1980-இல் திறந்த அறிவியல் கணிதப் பள்ளியைப் பார்த்துப் பல மாநிலங்கள் அதேபோலத் தொடங்கின. அந்த அமெரிக்கப் பள்ளி, பள்ளிப்படிப்பின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே பிள்ளைகளை எடுத்தது. வீட்டை விட்டுப் போகும்போது பிள்ளைக்கு 16 வயது. நம் நாட்டில் உயர்நிலைப் பள்ளி கிரேடு 8-இல் தொடங்குகிறது. அப்போதே விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு 13 வயது. இருக்கப் போவது ஐந்து ஆண்டுகள். வெளிநாட்டுப் பள்ளிகளின் வெற்றியைப் படித்துவிட்டு இங்கே முடிவெடுக்கும் பெற்றோர் இந்த மூன்று வயது வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

இத்தகைய பள்ளியின் பெரிய பலம் கட்டடமோ கம்ப்யூட்டரோ அன்று. கணக்கை ரசிக்கிற இன்னும் முப்பது பேரோடு உட்காருவதுதான். பக்கத்துப் பள்ளியில் முதல் மார்க் வாங்கும் பிள்ளை, வகுப்பு முடிப்பதற்குள் தான் முடித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கேள்வி கேட்டால் மற்றவர்களுக்கு அது தொந்தரவு. அகாடமியில் அதே கேள்வியை இரவு உணவு மேசையில் நான்கு பேர் பிடித்துக்கொள்வார்கள். இதை டியூஷனில் வாங்க முடியாது.

சங்கடங்களும் உண்டு. முதலாவது, ரிப்போர்ட் அதிர்ச்சி. தொடக்கப் பள்ளியில் 92 வாங்கிய பிள்ளை முதல் டெர்மில் 61-ஓடு வரும். எல்லோரும் 92 வாங்கி வந்தவர்கள் என்பதால் வினாத்தாளும் அதற்கேற்ப ஏறியிருக்கும். ஏப்ரல் விடுமுறையில் இதைப் பார்த்துப் பதறி, பிள்ளையைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இரண்டு டெர்ம் பொறுங்கள். ஜூன் ரிப்போர்ட்டில் மார்க் அங்கேயே நின்றாலும், பிள்ளை தானாக நோட்டை எடுத்து உட்காருகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தால் கவலையில்லை. நோட்டையே தொடவில்லை, தூக்கம் கெட்டிருக்கிறது, போனில் பேச்சு குறைந்துவிட்டது என்றால் அது மார்க் பிரச்சினை இல்லை. உடனே நேரில் போங்கள்.

இரண்டாவது, மொழி. ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வர்த்திலும் நம் பிள்ளைகள் பலர் கிரேடு 7 வரை ஆஃப்ரிகான்ஸை முதல் கூடுதல் மொழியாகப் படித்திருப்பார்கள். மெட்ரிக்குக்கு இரண்டு மொழிகள் கட்டாயம். சேரப்போகும் பள்ளியில் இரண்டாவது மொழி இசிசூலு மட்டும்தான் என்றால், கிரேடு 8-இல் மாறுவது கடினம், ஆனாலும் முடியும். கிரேடு 10-இல் மாறுவது இரண்டு ஆண்டுக் கணக்குப் படிப்பின் நேரத்தைத் தின்றுவிடும். விண்ணப்பிக்கும் முன் பள்ளி எந்த மொழியை எந்த நிலையில் கற்பிக்கிறது என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் முன்பாகவே இசிசூலு பேச்சைத் தொடங்கினால் வகுப்பிலும் உதவும், தங்கும் அறையில் அதைவிட அதிகம் உதவும்.

மூன்றாவது, பிற்பகல் 2:30-இலிருந்து இரவு 9 வரை. விடுதிப் பள்ளியின் தரம் இந்த நேரத்தில்தான் தெரியும். மாலைப் படிப்பை யார் மேற்பார்வை செய்கிறார், அவருக்குக் கிரேடு 11 கணக்குத் தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை மதியம் எத்தனை பெரியவர்கள் வளாகத்தில் இருக்கிறார்கள், போன் எத்தனை மணிக்கு வாங்கி வைக்கப்படுகிறது, இரவில் காய்ச்சல் வந்தால் வண்டி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதிலைப் பிரின்சிபலிடம் மட்டும் வாங்காமல் ஹாஸ்டல் மேட்ரனிடமும் வாங்குங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தண்ணீர்த் தொட்டியையும் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அந்தச் சுற்றுவட்டாரமே பல மாதம் குழாய் நீர் இல்லாமல் தவித்தது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தங்கும் இடத்தில் கொள்ளளவு, ஜெனரேட்டர் இரண்டும் சாதாரணக் கேள்விகள்தான்; கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இடையில் விலகுவதும் எளிதல்ல. கிரேடு 9 நடுவில் திரும்பி வந்தால் பக்கத்துப் பள்ளியில் இடம் இருக்காது. கிரேடு 10-க்குப் பிறகு வந்தால், அங்கே எடுத்த பாடங்கள் இங்கே இருக்காது. ஆக, விலகுவதென்றால் கிரேடு 8 முடிவில், அல்லது பாடத் தேர்வு நடக்கும் கிரேடு 9 முடிவில்.

விடுதியுள்ள பழைய பொதுப் பள்ளி

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 1863-இல் தொடங்கிய மாரிட்ஸ்பர்க் காலேஜ், டர்பனில் 1866-இல் தொடங்கிய டர்பன் ஹை ஸ்கூல் போன்றவை இந்த வகை. பெயரைப் பார்த்துத் தனியார் பள்ளி என்று நினைப்பவர்கள் உண்டு. இவை பொதுப் பள்ளிகள்தான். ஆனால் கட்டணம் வாங்குபவை. திறமைக்கென்று தனியாகப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளிகள் அல்ல. கணக்கில் கெட்டியான முதல் வரிசை ஒன்று இருக்கும். அதோடு விளையாட்டு, இசை, விவாதம் எல்லாம் இருக்கும். ஒன்றில் மட்டும் கூர்மையாக இல்லாமல் பல பக்கமும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அகாடமியைவிட இது பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

பணம்தான் இங்கே பெரிய கேள்வி. சட்டம் தெரியாததால் பலர் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். கட்டணம் கட்ட முடியாது என்பதற்காகப் பொதுப் பள்ளி ஒரு பிள்ளையின் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 1996 பள்ளிகள் சட்டம் சொல்கிறது. சாதாரணப் பொதுப் பள்ளியின் நிர்வாகக் குழு சேர்க்கைக்காகத் தேர்வு வைக்கவும் கூடாது. கட்டண விலக்குக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. ஆண்டுக் கட்டணத்தோடு பள்ளி கேட்கும் கூடுதல் தொகைகளையும் சேர்த்து, பெற்றோர் இருவரின் மொத்த ஆண்டு வருமானத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்க வேண்டும். விடை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு விலக்கு. 2-க்குக் கீழே என்றால் விலக்கு இல்லை. இடையில் இருந்தால் அட்டவணைப்படி பகுதி விலக்கு.

எண்ணோடு பார்ப்போம். கட்டணம் 60,000 ராண்ட், இருவரின் வருமானம் 480,000 ராண்ட் என்றால் விடை 12.5. முழு விலக்கு. அதே வருமானத்தில் கட்டணம் 30,000 என்றால் 6.25. பகுதி விலக்கு. நடுத்தரமாகச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கும் கட்டணம் அதிகமான பள்ளியில் விலக்கு கிடைக்கலாம் என்பதைப் பலர் நம்புவதே இல்லை. விண்ணப்பம் பள்ளி நிர்வாகக் குழுவுக்குப் போகும். மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், மற்றப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே இணைத்துவிடுங்கள். "ஆவணம் குறைவு" என்று திரும்பி வருவதில்தான் மாதங்கள் கரைகின்றன.

ஆனால் விடுதிக் கட்டணத்துக்குப் பள்ளிகள் இந்த விலக்கைப் பொதுவாகத் தருவதில்லை. இத்தகைய பள்ளிகளில் விடுதிக் கட்டணம் படிப்புக் கட்டணத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும். படிப்புக்கு முழு விலக்கு வாங்கியும், விடுதிப் பணத்தில் மாட்டிக்கொண்டு கிரேடு 9-இல் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டி வருவது இதனால்தான். டர்பனிலோ மாரிட்ஸ்பர்க்கிலோ சித்தி வீடோ மாமா வீடோ இருந்தால், பகல் மாணவராகச் சேர்த்து அங்கே தங்கவைப்பது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும். பிளேஸர், படுக்கை விரிப்பு, விளையாட்டு உடை, வாரக் கடைசிப் போக்குவரத்து என்று முதல் ஜனவரியில் வரும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பக்கத்துப் பள்ளியும் அதற்கு மேலும்

இந்த வழியை இரண்டாம்தரம் என்று நினைப்பது தவறு. மேலே சொன்ன மூன்று எண்கள் நன்றாக இருந்தால், நல்ல மேத்ஸ் ஆசிரியர் நிரந்தரப் பணியில் இருந்தால், வீட்டுச் சோறு, தூக்கம், தாத்தா ஆயாவின் பக்கத்திருப்பு எல்லாம் கூடுதல் லாபம். விடுபடுவது, கணக்கில் தனக்குச் சமமான தோழர்களின் துணை. அதை வெளியே தேட வேண்டும்.

தென்னாப்பிரிக்கக் கணித ஒலிம்பியாட் மூன்று சுற்றுகளாக நடக்கிறது. கிரேடு 8, 9 ஜூனியர். 10 முதல் 12 வரை சீனியர். பள்ளி மூலமாகத்தான் சேர வேண்டும் என்பதால், உங்கள் பள்ளி பதிவு செய்கிறதா என்று ஆண்டு தொடங்கியதுமே கேளுங்கள். இல்லையென்றால் ஓர் ஆசிரியரைப் பிடித்துப் பதிவு செய்ய வையுங்கள். பழைய வினாத்தாள்களை வாரம் இரண்டு கணக்கு என்று போட்டால் போதும். ஒரே கணக்கில் நாற்பது நிமிடம் உட்காரும் பழக்கம்தான் பயன், பதக்கம் அப்புறம். பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் கண்காட்சியான எஸ்காம் எக்ஸ்போவில் மாவட்ட அளவில் ஒரு ஆய்வுத் திட்டம் வைப்பது, பக்கத்துப் பள்ளி ஆய்வுக்கூடத்தின் குறையை ஓரளவு ஈடுகட்டும். சியாவுலா என்ற நிறுவனத்தின் மேத்ஸ், சயின்ஸ் புத்தகங்கள் பாடத்திட்டத்தை ஒட்டியவை, இலவசம். அடுத்த கிரேடு புத்தகத்தை இறக்கிக் கொடுத்து, பிள்ளையைத் தன் வேகத்தில் போகவிடலாம்.

இந்த வழி தோற்பது எங்கே என்றால், பெற்றோர் கிரேடு 10-க்கு மேல் கவனத்தை விடும்போது. யாரும் பிடித்துத் தள்ளாத பிள்ளை 80-இலேயே சுகமாக நின்றுவிடும். 80-ஐப் பார்த்து எல்லோரும் பாராட்டுவதால் நின்றுவிட்டது யாருக்கும் தெரியாது. வருடம் ஒரு தடவையாவது பிள்ளை தோற்கிற அளவு கடினமான தேர்வு ஒன்றை எழுதவையுங்கள்.

தனியார் ஸ்காலர்ஷிப் பற்றி இரண்டே வரி. ஹென்லி-ஆன்-கிளிப்பில் 2007-இல் ஓப்ரா வின்ஃப்ரி தொடங்கிய உறைவிடப் பள்ளி பெண் பிள்ளைகளுக்கு மட்டும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும். ஜோஹன்னஸ்பர்க்கின் ஆஃப்ரிக்கன் லீடர்ஷிப் அகாடமி கண்டம் முழுவதிலிருந்தும், பள்ளிப்படிப்பின் கடைசிக் கட்டத்துக்கே எடுக்கிறது. கிரேடு 8-க்கான முடிவில் அதற்கு இடமில்லை. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருப்பவர்கள், கௌடெங் மாகாணத்தின் ஸ்கூல் ஆஃப் ஸ்பெஷலைசேஷன் என்ற, குறிப்பிட்ட துறைக்கென்றே உள்ள அரசுப் பள்ளிகளையும் பார்க்கலாம். அவை பெரும்பாலும் பகல் பள்ளிகள்.

நம் வீட்டுக் கேள்விகள்

புரட்டாசி செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. மாதம் முழுவதும் சைவம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு விடுதிச் சமையலறை என்ன கொடுக்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள். "சைவ உணவு உண்டு" என்ற பதில் போதாது. சனிக்கிழமை இரவுக்கு என்ன சமைக்கிறார்கள் என்று மெனுவைக் கேட்டால் தெரிந்துவிடும். வெண்ணெய் தடவிய ரொட்டியும் வேகவைத்த காய்கறியும் மட்டும் என்றால் வளரும் பிள்ளைக்குப் புரதம் பற்றாது. பருப்பு, பீன்ஸ் கறி, முட்டை சாப்பிடுபவரானால் முட்டை, இவை வாரத்தில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். தைப்பூசக் காவடி பள்ளி திறந்த சில வாரங்களிலேயே வந்துவிடும். விரதமிருந்து காவடி எடுக்கும் பிள்ளைக்கு விடுப்பும், விரத நாள்களுக்குத் தனி உணவும் வேண்டுமென்றால் டிசம்பருக்கு முன்பே கடிதம் கொடுத்து வையுங்கள். மூக்குத்தி பற்றிப் பயப்பட வேண்டாம். 2007-இல், 'பிள்ளை' என்ற குடும்பப் பெயரால் அறியப்படும் வழக்கில், தென்னிந்தியக் குடும்பத்துப் பெண்ணொருத்தி பள்ளியில் மூக்குத்தி அணிய அனுமதி மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று அரசியலமைப்பு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. வாய்ச்சண்டை வேண்டாம், விதிவிலக்கு கேட்டு எழுத்தில் விண்ணப்பித்தால் போதும்.

தமிழ், மெட்ரிக் பாடப் பட்டியலில் இருக்கிறது. கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளிகள்தான் குறைவு. உறைவிட அகாடமியில் தமிழ் ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. ஞாயிறு வகுப்பும் நின்றுபோகும். விடுதிக்கு அனுப்பும் வீட்டார் வாரம் இரண்டு தொலைபேசி அழைப்பையாவது முழுக்கத் தமிழில் வைத்துக்கொண்டால், பேச்சு நிற்காது. எழுதப் படிக்கப் பழகுவது விடுமுறைகளில்தான்.

எங்கள் முடிவு

போர்ட் ஷெப்ஸ்டோன், உம்சின்டோ, டண்டீ, நியூகாசில் போன்ற ஊர்களில் இருந்து, பக்கத்துப் பள்ளியில் ஃபிசிக்கல் சயின்சஸ் ஆசிரியர் பணியிடம் ஆண்டுக் கணக்கில் நிரம்பாமல் இருந்தால், அரசு உறைவிட அகாடமிக்கு விண்ணப்பியுங்கள். 13 வயதில் பிரிவது கஷ்டம்தான். ஆனால் ஆசிரியரே இல்லாத பாடத்தை எந்த டியூஷனும் ஐந்து ஆண்டுக்கு ஈடுகட்டாது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் இருந்து, மூன்று எண்களும் சரியாக உள்ள பள்ளி டாக்ஸி தூரத்தில் கிடைத்தால், வீட்டிலேயே வைத்து ஒலிம்பியாடைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய ஹாஸ்டல் பள்ளியை, விடுதிப் பணத்தை ஐந்து ஆண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே தேர்ந்தெடுங்கள். எப்படியானாலும் ஒரு வார்த்தை பிள்ளையிடம் கேளுங்கள். தனியாக ஓர் இரவுகூட உறவினர் வீட்டில் தங்காத பிள்ளைக்கு, கிரேடு 7 விடுமுறைகளில் அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவையுங்கள்.

காகிதங்கள்: பிறப்புச் சான்று, பெற்றோர் இருவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று, கடைசி இரண்டு ரிப்போர்ட். வேலை விசாவில் வந்திருக்கும் குடும்பங்களுக்குப் பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும். நகல்களைப் போலீஸ் நிலையத்தில் இலவசமாகச் சான்றொப்பம் செய்து தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல பள்ளிகள் ஏற்பதில்லை என்பதால் விண்ணப்பிக்கும் மாதத்திலேயே செய்யுங்கள். மூன்று வழிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பக்கத்துப் பள்ளி விண்ணப்பத்தை "அங்கே கிடைத்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ரசீதோ முத்திரையிட்ட நகலோ வாங்கிக் கோப்பில் வையுங்கள். இரண்டு இடம் கிடைத்தால், எது என்று முடிவான அன்றே மற்றப் பள்ளிக்கு எழுதி அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு பிள்ளை இருக்கும்.